மலை மேல கோட்டை, அடிவாரத்துல ஊரு: அக்ரோபொலிஸ் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

கிரீஸ் நாட்டுல ஏதென்ஸ் போய்ட்டு வந்ததுல இருந்து வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் போட்டோவப் பாத்துட்டு அதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் சொல்லி வாய் வலிச்சுப் போய் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். ஏதென்ஸ்தான் மெயின், ஆனா சார்டிஸ், கொரிந்த், பெர்கமம்னு வேற மலைகளும் நடுவுல வரும், அந்தக் கதைங்க இல்லாம இது பாதிதான் புரியும்.

அக்ரோபொலிஸ்னா அந்தத் தூண் தூணா நிக்குற கோயில்தானே?

இல்லைங்க. கோயில் பேரு பார்த்தினான். அது நிக்குற மொத்தப் பாறைக்கும்தான் அக்ரோபொலிஸ்னு பேரு. கிரேக்க மொழியில ‘அக்ரோஸ்’னா உச்சி, ‘பொலிஸ்’னா ஊரு, ரெண்டையும் சேத்தா மேலூருன்னு வெச்சுக்கோங்க. உண்மையில அது ஒரு பொதுச்சொல், பழைய கிரேக்க ஊர்கள் பலதுலயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு, கொரிந்துல இருக்கறது அக்ரோகொரிந்த், தீப்ஸ்ல இருக்கறதுக்கு காட்மியான்னு பேரு. ஏதென்ஸ்காரங்க ரொம்ப நாளைக்கு அதை வெறும் ‘பொலிஸ்’னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, ஏன்னா ஆரம்பத்துல ஊருன்னாலே அந்தப் பாறைதான், கீழ இருக்கறதெல்லாம் பின்னாடி பெருத்தது.

எவ்ளோ உயரம்? ஏறுறது கஷ்டமா?

கடல் மட்டத்துல இருந்து 150 மீட்டர் சொச்சம், அவ்ளோதான். மேல தட்டையா சுமார் 3 ஹெக்டேர், ஏக்கர்ல சொன்னா ஏழரை. மேற்குப் பக்கம் மட்டும்தான் சரிவு, மத்த மூணு பக்கமும் செங்குத்தா நிக்குது. ஏறுறது கஷ்டமில்ல, ஆனா கோடிக்கணக்கான கால் பட்டு அந்த மார்பிள் வழவழன்னு ஆயிடுச்சு, நான் சாதா செருப்புல போய் வாசல் கிட்டயே வழுக்குனேன், ஷூ போட்டுட்டுப் போங்க. அக்ரோகொரிந்த் வேற லெவல், 575 மீட்டர், அங்க ஏறி இறங்குனா முட்டி பேசும்.

சும்மா சமவெளியில ஊரு கட்டாம ஏன் போய் மலை மேல?

கொள்ளைக்காரங்க பயம். பழைய கிரேக்க ஊருங்க பலதும் கடலை ஒட்டி இல்லாம கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும், ஏன்னா கப்பல்ல வந்து இறங்கி அள்ளிட்டுப் போறது அந்தக் காலத்துல ஒரு தொழிலாவே நடந்துச்சு. கடல் பக்கத்துல வேணும், ஆனா கடல்ல வர்றவன் உடனே கை வைக்க முடியாத தூரத்துலயும் இருக்கணும், சுத்தி விவசாய நிலம், நடுவுல செங்குத்தா ஒரு பாறை, உச்சி தட்டையா, பாறைக்குள்ள கொஞ்சம் தண்ணி. இதெல்லாம் ஒண்ணா அமையற எடம் கம்மி, அமைஞ்ச எடத்தை ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு யாரும் விடல.

ஊர் மக்கள் எல்லாரும் மேல குடியிருந்தாங்களா?

இல்ல. ஏழரை ஏக்கர்ல எத்தனை பேரு இருக்க முடியும்? ராஜா, அவங்க ஆளுங்க, சாமி, கஜானா மேல, மத்தவங்க கீழ. சண்டை வந்தா ஆடு மாட்டோட எல்லாரும் மேல ஓடுவாங்க.

அந்தப் பெரிய பெரிய கல்லை எல்லாம் யாரு தூக்குனா?

பின்னாடி வந்த கிரேக்கர்களுக்கே இந்த சந்தேகம் வந்துச்சு, அதனால ஒத்தைக்கண்ணு அரக்கனுங்க, சைக்ளோப்ஸ், அவங்கதான் அடுக்குனாங்கன்னு கதை கட்டிட்டாங்க. இன்னிக்கும் அந்த மாதிரி மதிலுக்கு சைக்ளோப்பியன்னுதான் பேரு. ஏதென்ஸ்ல அது கி.மு. 13ஆம் நூற்றாண்டு வேலை, சாந்து கிடையாது, செதுக்காத பாறைங்களை ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வெச்சு இடுக்குல சின்னக் கல்லைச் சொருகிருக்காங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கல்லு சைஸ் இல்ல, வாசல் வைக்குற புத்தி. தெற்கு கிரீஸ்ல மைசீனின்னு ஒரு பழைய கோட்டை ஊரு, அங்க சிங்க வாசல்னு ஒண்ணு இருக்கு, கி.மு. 1250 வாக்குல கட்டுனது. அதுக்குள்ள போகணும்னா வலது கைப் பக்கம் ஒரு கொத்தளம் முட்டிக்கிட்டு நிக்கும். ஏன் வலது? படைவீரன் கேடயத்தை இடது கையிலதான் புடிச்சிருப்பான், வலது பக்கம் உடம்பு திறந்து கிடக்கும், மேல நிக்குறவன் அங்க பாத்து அடிப்பான். ஏதென்ஸ்லயும் அதேதான், இப்போ அழகா குட்டியா நிக்குற நைக்கிங்கற வெற்றி தேவதை கோயில் இருக்கே, அது உக்காந்திருக்குற மேடையே அப்படி வலது பக்கம் நீட்டிக்கிட்டு நின்ன பழைய கொத்தளத்து மேலதான். போட்டோ எடுக்குற யாரும் அதைக் கவனிக்கறதில்ல.

மேல தண்ணிக்கு என்ன பண்ணாங்க?

இதான் சரியான கேள்வி, ஆனா யாரும் முதல்ல கேக்க மாட்டாங்க. மதில் எவ்ளோ தடியா இருந்தாலும் தண்ணி தீந்தா கதை முடிஞ்சுது.

ஏதென்ஸ் பாறை மேல சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணி வெடிப்பு வழியா உள்ள இறங்கி அடியில ஊத்தா கசியும். அதாவது தண்ணி இருக்கு, ஆனா மதிலுக்கு வெளியில, கீழ. கி.மு. 13ஆம் நூற்றாண்டு கடைசியில வடக்குப் பக்கம் பாறையில இருந்த ஒரு பெரிய வெடிப்புக்குள்ள மரப்படியும் கல்படியுமா கட்டிக்கிட்டே 30 மீட்டருக்கு மேல கீழ இறங்கி அடியில ஒரு கிணறு தோண்டுனாங்க. கோட்டையை விட்டு வெளிய வராமலே குடத்தோட போய்ட்டு வரலாம். இருட்டுல, ஈரப் படியில, தலையில தண்ணியோட ஏறி வந்தவங்களை நினைச்சுப் பாருங்க. ஒரு தலைமுறை கூட முழுசா ஓடல, படி இடிஞ்சுடுச்சு, அப்புறம் அதைக் குப்பைக்குழியா ஆக்கிட்டாங்க. ஆனா மேல் பாதி வழி அப்படியே இருந்துச்சு, அது கடைசியில மறுபடி வரும்.

மைசீனியிலயும் அதே ஐடியா, மதிலுக்கு அடியில பூந்து கிட்டத்தட்ட 100 படி இறங்குனா 18 மீட்டர் கீழ தொட்டி, வெளியில இருக்குற சுனையில இருந்து ரகசியமா குழாய் வழியா தண்ணி வரும்.

பெர்கமம்காரங்கதான் கில்லாடிங்க. அது இப்போ துருக்கியில இருக்கு, மலை உச்சி 300 மீட்டருக்கு மேல. கி.மு. 2ஆம் நூற்றாண்டுல ரெண்டாம் யூமெனிஸ் ராஜா காலத்துல 40 கிலோமீட்டருக்கு மேல தூரத்துல இன்னும் உயரமான மலையில இருந்து தண்ணி கொண்டு வந்தாங்க, நடுவுல ஆழமான பள்ளத்தாக்கு, பம்பு கிடையாது, கரண்டு கிடையாது. குழாயை மூடி இறக்கிவிட்டா அந்தப் பக்கத்து உயரமே தள்ளி இந்தப் பக்கம் தண்ணி தானா ஏறும், கீழ பள்ளத்துல சுமார் 200 மீட்டர் தண்ணியோட அழுத்தம் தாங்கணும், அதுக்கு ஈயக் குழாய் போட்டாங்க. நம்ம வீட்டு மொட்டைமாடி டேங்க் பைப்பே மூணாவது வருஷம் ஜாயின்ட்ல ஒழுகுது.

தண்ணி இல்லாம தோத்த கதை ஏதாவது இருக்கா?

நிறைய. கி.மு. 86ல ரோமன் தளபதி சுல்லா ஏதென்ஸ பிடிச்சப்போ அரிஸ்டியான்னு ஊரை ஆண்டுக்கிட்டிருந்த ஆளு அக்ரோபொலிஸ்ல ஏறி கதவ சாத்திக்கிட்டான். போறப்போ கீழ இருந்த, பெரிகிளிஸ்னு பழைய ஏதென்ஸ் தலைவர் காலத்து இசை மண்டபத்துக்கு தீ வெச்சுட்டுப் போனான், மரத்தைப் பிரிச்சு எதிரி முற்றுகைக் கருவி பண்ணிடுவான்னு. அவ்ளோ யோசிச்சவன் தண்ணிக்கு யோசிக்கல. கொஞ்ச நாள் தாக்குப்பிடிச்சு, தாகம் தாங்காம சரண்டர். அவனைக் கீழ இறக்கிக் கூட்டிட்டு வந்த அதே நேரம் தெளிவா இருந்த வானத்துல மேகம் திரண்டு மழை கொட்டி மேல பூரா தண்ணி நெறஞ்சுதுன்னு பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதி வெச்சிருக்காரு. நெஜமோ இல்லையோ, கேக்கவே வயித்தெரிச்சலா இருக்கு.

1822லயும் கிட்டத்தட்ட அதே. கிரேக்க சுதந்திரப் போர்ல உள்ள மாட்டிக்கிட்ட துருக்கிப் படை தண்ணி இல்லாம ஜூன் மாசம் சரணடைஞ்சுது. உள்ள போன கிரேக்கர்கள் செஞ்ச முதல் உருப்படியான காரியம், வடமேற்கு மூலையில மண்ணுக்குள்ள மறந்து கிடந்த கிளெப்சிட்ராங்கற பழைய ஊத்தைக் கண்டுபிடிச்சு அதைச் சுத்தி ஒரு கொத்தளம் கட்டுனது.

இவ்ளோ செங்குத்தா இருந்தா எதிரி எப்படித்தான் பிடிப்பான்?

செங்குத்தா இருக்குறதாலதான் பிடிக்கறான்! விளையாட்டுக்கு சொல்லல. எங்க ஏறவே முடியாதுன்னு நெனைக்கறாங்களோ அங்க காவல் போட மாட்டாங்க, அங்கதான் ஏறுவான். இது திரும்பத் திரும்ப நடந்திருக்கு.

சார்டிஸ எடுத்துக்கோங்க, இப்போ துருக்கியில இருக்கு, பழைய லிடியா நாட்டுத் தலைநகரம், பணத்துக்குப் பேர் போன குரோசஸ் ராஜாவோட ஊரு. கி.மு. 546 வாக்குல பாரசீக ராஜா சைரஸ் வந்து முற்றுகை போடறாரு. பழைய கிரேக்க வரலாற்று எழுத்தாளர் ஹெரொடோட்டஸ் சொல்ற கதை இது: பழைய ராஜா ஒருத்தர்கிட்ட, சிங்கக்குட்டி ஒண்ணை மதிலைச் சுத்தித் தூக்கிட்டுப் போனா கோட்டை விழவே விழாதுன்னு குறி சொன்னாங்களாம், அவரும் சுத்துனாரு, ஒரு பக்கம் மட்டும் விட்டுட்டாரு, அதான் அவ்ளோ செங்குத்தா இருக்கே அங்க எதுக்குன்னு. பல தலைமுறை கழிச்சு அதே பக்கம் ஒரு லிடிய வீரனோட ஹெல்மெட் கைதவறி கீழ உருண்டுச்சு, அவன் பாட்டுக்கு பாறையில இறங்கி எடுத்துட்டு மறுபடி ஏறிப் போயிட்டான். கீழ இருந்து சைரஸ் படையில ஒருத்தன் அதைப் பாத்துட்டே இருந்தான். அடுத்து அவனும் அவன் பின்னாடி மத்தவங்களும் ஏறிட்டாங்க. 14 நாள்ல கோட்டை காலி.

பாடம் கத்துக்கிட்டாங்களான்னா, 300 வருஷம் கழிச்சு கி.மு. 3ஆம் நூற்றாண்டுல மூணாம் அந்தியோகஸ்னு ஒரு ராஜா அதே சார்டிஸ முற்றுகை போட்டப்போ லகோரஸ்னு ஒரு கிரீட் தீவுக்காரன் கவனிச்சான், செத்த குதிரை, கழுதையை எல்லாம் ஒரு பள்ளத்துல தூக்கிப் போடறாங்க, கழுகுங்க தின்னுட்டு நேரா மேல போய் மதில்ல உக்காருது. மதில்ல கழுகு நிம்மதியா உக்காந்திருக்குன்னா என்ன அர்த்தம்? அங்க ஆள் இல்லன்னு அர்த்தம். ராத்திரி ஏணி போட்டு ஏறுனாங்க, கீழ் ஊரு விழுந்துச்சு. உச்சிக்கோட்டை மட்டும் அப்புறமும் கொஞ்ச நாள் தாங்குச்சு.

ஏதென்ஸ்லயும் இதேதான், கி.மு. 480ல. பாரசீக ராஜா செர்க்சஸ் படை வருதுன்னு ஊரே கப்பல் ஏறிப் போயிடுச்சு, மேல கொஞ்சம் பேரு மட்டும் இருந்தாங்க, ‘மரச்சுவர் உங்களைக் காப்பாத்தும்’னு டெல்ஃபிங்கற ஊர்க் கோயில்ல குறி சொல்லியிருந்தது, மத்தவங்க எல்லாம் மரச்சுவர்னா கப்பல்னு புரிஞ்சுக்கிட்டாங்க, இவங்க அட்சரசுத்தமா பலகை அடிச்சு வாசலை மறிச்சுக்கிட்டாங்க. பாரசீகர்கள் எதிர்க் குன்றுல இருந்து தீ அம்பு விட்டுக் கொளுத்துனாங்க, அப்பவும் இவங்க பெரிய கல்லை உருட்டி விட்டுத் தடுத்துட்டே இருந்தாங்க. கடைசியில அக்லாரோஸ் சன்னதிப் பக்கம், காவலே இல்லாத செங்குத்துப் பாறையில சிலர் ஏறி வந்து கதவைத் திறந்துவிட்டாங்க. உள்ள இருந்தவங்க எல்லாரும் செத்தாங்க, மேல இருந்த கோயில் எல்லாம் சாம்பல்.

சண்டை போடாம ஏமாத்திப் பிடிச்சது உண்டா?

அக்ரோகொரிந்த் கதையைச் சொல்லாம விடவே மாட்டேன். கிரேக்கத்தோட வடக்கையும் தெற்கையும் சேக்குற ஒல்லியான நிலத்துல உக்காந்திருக்கு, அதை வெச்சிருக்கறவன் ரெண்டு பக்கத்தையும் நிறுத்திடலாம். கி.மு. 245 வாக்குல அது நிக்கேயான்னு ஒரு விதவை ராணி கையில இருந்துச்சு. மாசிடோனியா ராஜா அந்திகோனஸ், வயசு 70ஐத் தாண்டிடுச்சு, தன் வாலிப மகனை அந்த அம்மாவுக்குக் கட்டி வெக்குறதா சம்பந்தம் பேசி வந்து கல்யாணக் கொண்டாட்டம் தடபுடலா பண்ணாரு. பாட்டுக் கச்சேரிக்கு ராணியைப் பல்லக்குல ஏத்தி ஊர்வலமா கூட்டிட்டுப் போறப்போ கோட்டைக்குத் திரும்புற முக்கு வந்ததும் நீங்க முன்னாடி போங்கன்னு சொல்லிட்டு, கிழவர் அந்த மலையில வேகவேகமா ஏறி, கைத்தடியால கதவைத் தட்டி, திறடான்னாரு. காவல்காரன் மிரண்டு போய் திறந்துட்டான். முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி தெருவுல குடிச்சுக் கும்மாளம் போட்டாராம்.

ரெண்டு வருஷத்துல, கி.மு. 243ல, அதே கோட்டையை சிக்கியோன் ஊரு அராட்டஸ் அவர்கிட்ட இருந்து அடிச்சாரு. பாறையில சாய்வா ஒரு வெடிப்பு இருக்கு, அது போய் முடியற எடத்துல மதில் 15 அடிதான்னு ஒருத்தன் துப்பு கொடுத்தான், கூலி 60 டாலன்ட் கேட்டான், டாலன்ட்ங்கறது அந்தக் காலத்து எடை, ஒண்ணு சுமார் 26 கிலோ வெள்ளி, அது அப்போ பெருந்தொகை. கடன் வாங்குனா ரகசியம் வெளிய போயிடும், அதனால அராட்டஸ் வீட்டு வெள்ளிப் பாத்திரத்தையும் பொண்டாட்டி நகையையும் ஒரு வட்டிக்கடைக்காரர்கிட்ட அடகு வெச்சாரு. 400 பேரு, ராத்திரி, ஏணி, வேலை முடிஞ்சுது. அப்புறம் அங்க காவலுக்கு 400 வீரர் போட்டதோட 50 நாயும் அதைப் பாத்துக்க 50 ஆளும் போட்டாங்களாம். நாய்க்குக் கதை சொல்லி ஏமாத்த முடியாது பாருங்க.

கோட்டை வெளி எதிரிக்காகத்தானே?

பாதி நேரம் சொந்த ஊர்க்காரங்களை அடக்கத்தான். ஏதென்ஸ்ல யாரு ஊரைப் பிடிக்கணும்னு ஆசைப்பட்டாலும் முதல் வேலை பாறை மேல ஏறி உக்காந்துக்கறதுதான். கி.மு. 632 வாக்குல ஒலிம்பிக்ல ஜெயிச்ச கைலோன் அப்படி ஏறுனான், கீழ ஊரே சுத்தி வளைச்சுது, சோறு தண்ணி இல்லாம அவனும் அவன் கூடப் பொறந்தவனும் மட்டும் நைஸா தப்பிச்சுட்டாங்க, மத்தவங்க அதீனா அம்மன் சிலைகிட்ட அடைக்கலம்னு உக்காந்தாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வாக்கு கொடுத்து இறக்கி, கொன்னுட்டாங்க. சிலையில நூலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே இறங்குனாங்க, பாதியில நூல் அறுந்துடுச்சுன்னும் ஒரு கதை இருக்கு. அந்தப் பாவம் கொன்ன குடும்பத்தை விடல, 200 வருஷம் கழிச்சு பெரிகிளிஸ் வரைக்கும், அவங்க அம்மா வழி அந்தக் குடும்பம்னு எதிரி ஊரான ஸ்பார்ட்டா குத்திக் காட்டுச்சு.

அப்புறம் பிசிஸ்டிராடஸ், தன்னைத் தானே காயப்படுத்திக்கிட்டு எதிரி அடிச்சான்னு அழுது, ஊர் செலவுல தடிக்காரப் பாதுகாப்பு வாங்கி, அந்த ஆளுங்களை வெச்சே மேல ஏறிட்டான். கி.மு. 508ல ஸ்பார்ட்டா ராஜா கிளியோமெனிஸ் தன் கையாளுக்கு ஊரை வாங்கிக் கொடுக்க ஏறி உக்காந்தப்போ ஏதென்ஸ் ஜனங்க ரெண்டு நாள் சுத்தி நின்னாங்க, மூணாவது நாள் மூட்டை கட்டுனாரு. ஏதென்ஸ் ஜனநாயகம்னு நாம பெருமையா பேசுறது அதுக்கப்புறம்தான் நிலைச்சுது, அதாவது சொந்தக் கோட்டையையே முற்றுகை போட்டு வாங்குனது. அரிஸ்டாட்டிலும் உச்சிக்கோட்டை ராஜாவுக்கும் சில பேரு ஆட்சிக்கும் ஒத்துவரும், ஜனநாயகத்துக்கு சமதரைதான் சரின்னு சொல்றாரு.

அப்புறம் எப்படி கோயிலாச்சு?

சாமி எப்பவுமே மேலதான் இருந்துச்சு. பாரசீகர் எரிச்ச பிறகு ஊரைச் சுத்தியே புது மதில் வந்துடுச்சு, பாறைக்கு காவல் வேலை கொறஞ்சுது. கி.மு. 447ல பார்த்தினான் ஆரம்பிச்சு 432ல சிற்ப வேலை வரைக்கும் முடிச்சாங்க. ஆனா அப்பவும் அது பேங்க் லாக்கர்தான், கி.மு. 431ல ஸ்பார்ட்டாவோட போர் ஆரம்பிக்கறப்போ மேல 6000 டாலன்ட் வெள்ளி நாணயம் இருக்குன்னு பெரிகிளிஸ் கணக்கு சொல்றாரு, அதோட அம்மன் சிலை மேல இருக்குற 40 டாலன்ட் தங்கமும் கழட்டுற மாதிரிதான் இருக்கு, அவசரம்னா எடுத்துக்கலாம், பின்னாடி திருப்பி வெச்சுடணும்னாரு.

பின்ன ஏன் இப்படி ஒடஞ்சு கிடக்கு? காலத்தால தேஞ்சதா?

2000 வருஷத்துக்கு மேல நின்ன கட்டடம் அது, நடுவுல சர்ச் ஆச்சு, மசூதி ஆச்சு. 1687 செப்டம்பர் 26ல ஒடஞ்சுது. துருக்கிக்காரங்க வெடிமருந்தையும் பொம்பளைங்க புள்ளைங்களையும் உள்ள வெச்சிருந்தாங்க, வெனிஸ் படை எதிர்க் குன்றுல இருந்து அடிச்ச குண்டு ஒண்ணு உள்ள விழுந்துச்சு, சுமார் 300 பேரு செத்தாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் பீரங்கி மேடை வேணும்னு நைக்கி கோயிலைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. வெனிஸ் தளபதி மொரோசினி பிடிச்ச ஊரை ஆறே ஏழு மாசத்துல விட்டுட்டுப் போனாரு, போறப்போ ஞாபகார்த்தமா பார்த்தினான் மேல இருந்த குதிரைச் சிலையை இறக்கப் பாத்து, கயிறு அறுந்து அதையும் தூள் தூளாக்குனாரு. மிச்சம் இருந்த சிற்பங்கள்ல சுமார் பாதியை 1801ல இருந்து பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு கழட்டி லண்டனுக்கு அனுப்பிட்டாரு.

இப்போ போனா கோட்டையா எதைப் பாக்கலாம்?

கீழ பழைய சந்தை பக்கத்துல நின்னு வடக்கு மதிலை அண்ணாந்து பாருங்க, வட்ட வட்டமா தூண் துண்டுங்க வரிசையா பதிச்சிருக்கும். பாரசீகர் எரிச்ச, பாதி கட்டியிருந்த பழைய பார்த்தினானோட தூணுங்க. கல்லு மிச்சம்னு வெச்ச மாதிரி தெரியல, கீழ இருந்து எல்லாருக்கும் தெரியட்டும்னே வெச்ச மாதிரி இருக்கு, இது என் அபிப்ராயம். மேல ஏறுனதும் பெரிய வாசல் மண்டபத்துக்கு தெற்குல அந்த சைக்ளோப்பியன் மதில் துண்டு ஒண்ணு இருக்கு, யாரும் அங்க நிக்க மாட்டாங்க, நீங்க நில்லுங்க.

கடைசியா எப்போ கோட்டையா இருந்துச்சு?

கிரேக்கர்கள் 1827ல மறுபடி துருக்கிக்காரங்ககிட்ட இழந்து, 1833ல நிரந்தரமா கைக்கு வந்துச்சு. அதோட படை வேலை முடிஞ்சுது.

ஆனா ஒரு தடவை, 1941. ஜெர்மன் நாஜிப்படை மேல ஸ்வஸ்திகா கொடி ஏத்தி காவல் போட்டிருந்துச்சு. மே 30 ராத்திரி மனோலிஸ் கிளெசோஸ், அப்போஸ்டோலோஸ் சாண்டாஸ்னு ரெண்டு பசங்க, ஒருத்தனுக்கு 18 வயசு, இன்னொருத்தனுக்கு 19, வாசல் பக்கமே போகல. லைப்ரரியில பழைய புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடிச்சு வடக்குச் சரிவுல அந்தப் பாறை வெடிப்புக்குள்ள பூந்து ஏறுனாங்க, 3000 வருஷத்துக்கு முன்னாடி தண்ணி தூக்குறதுக்குப் படி கட்டுன அதே வெடிப்பு. கொடியை இறக்கிக் கிழிச்சு ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கிட்டு, மிச்சத்தை அந்தக் கிணத்துலயே போட்டுட்டு இறங்கிட்டாங்க. அந்தப் பக்கம் காவல் இல்ல.